அக்கரைக் கணக்கும் இக்கரைக் கணக்கும்

மதுரை பெருங்குடியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அந்த விமானத்துக்கு நிற்கும் வரிசையில் எப்போதும் கலவையான கூட்டம் இருக்கும். கண் அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு ஊர் திரும்பும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள், விளக்குத்தூண் பக்கம் கல்யாணச் சேலை எடுத்துக்கொண்டு போகிறவர்கள், மீனாட்சியையும் ராமநாதரையும் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள், கொழும்பு வழியாக வளைகுடா வேலைக்குப் போகும் மேலூர், சிவகங்கைப் பையன்கள். அவர்கள் பேச்சில் ஒரு கணக்கு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே சாப்பாடு மலிவு, அங்கே தெரு சுத்தம். இங்கே படிப்புக்கு வழி இருக்கிறது, அங்கே ஆஸ்பத்திரிக்குக் காசு கிடையாது. எந்த நாட்டில் வாழ்க்கை மேல் என்ற கேள்வியை அவர்கள் யாரும் நேராகக் கேட்பதில்லை. ஆனால் எல்லாரும் அதற்குத்தான் விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் அந்தக் கணக்கைப் போடுகிறது. அது 2025-ல் வெளியிட்ட மனித மேம்பாட்டு அறிக்கையின் பட்டியலில் 193 நாடுகள். இலங்கைக்கு 89-ஆவது இடம், இந்தியாவுக்கு 130. அங்கே பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 77 ஆண்டுக்கு மேல், இங்கே 72. கால் நூற்றாண்டுக்கும் மேல் போர் நடந்த நாடு அது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட வழியில்லை என்று அறிவித்த நாடு. அவ்வளவு பட்ட பிறகும் முன்னால் நிற்கிறது. இரண்டேகால் கோடிக்கும் குறைவான மக்கள் வாழும் தீவை இந்தியா முழுவதோடும் ஒப்பிடுவது நியாயமில்லை என்றால் தமிழ்நாட்டோடு ஒப்பிடலாம். 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் இறந்தார்கள்; இலங்கையில் 30-ஐ ஒட்டி. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவை 2020-ல் தமிழ்நாட்டில் 13. இலங்கையில் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கி வெகுகாலம் ஆகிவிட்டது.

இந்த எண்களை மதுரைச் சமவெளியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எந்த நாட்டில் பிழைப்பது நல்லது என்ற கேள்விக்கு 200 ஆண்டுகளாகக் கால்நடையாகவும் கப்பலிலும் வள்ளத்திலும் விடை தேடி அலைந்த மக்கள் இந்தச் சீமையில் இருக்கிறார்கள். ஆகவே நகரத்தில் தொடங்கி, மேற்கே உசிலம்பட்டி வரை போய், பிறகு கிழக்கே மேலூர், திருவாதவூர் என்று சுற்றினேன். இலங்கை மலையகத்தில் முன்பு பார்த்தவையும் கூடவே வந்தன.

மதுரை அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. காசு கொடுப்பவரின் கட்டணத்தில் காசில்லாதவருக்கும் கண் தெரிய வைக்கலாம் என்று நடத்திக்காட்டினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியாகி எட்டாத விலைக்கு விற்ற காலத்தில், 1992-ல் ஆரோலேப் என்று சொந்த ஆலையே தொடங்கி விலையைப் பத்தில் ஒரு பங்குக்கு இறக்கினார்கள். இலங்கைக்கும் கண்ணுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. டாக்டர் ஹட்சன் சில்வா 1961-ல் தொடங்கிய கண்தான சங்கத்தின் வழியே இறந்த இலங்கையரின் கருவிழிகள் பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன. ஓர் ஊர் பார்வையைத் தைத்துக் கொடுக்கிறது, ஒரு நாடு கண்ணையே கொடுக்கிறது. மனித மேம்பாட்டுக் குறியீட்டில் இரண்டுக்கும் கட்டம் கிடையாது.

அரவிந்தில் பழக்கமான யாழ்ப்பாணத்து வடமராட்சி ஆசிரியை ஒருவரை, அறுவை முடிந்து ஓய்வில் இருந்த நாட்களில், ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போனேன். ஓய்வுபெற்றுப் பல ஆண்டு ஆனவர். கோரிப்பாளையத்தில் சாலையைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எங்கட ஊரிலை மஞ்சள் கோட்டிலை கால் வைச்சா வாகனம் நிக்கும். இஞ்சை நான் நிண்டாத்தான் வாகனம் போகும் போலக் கிடக்கு" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை, பயந்துபோயிருந்தார். நானும் கொழும்பிலும் கண்டியிலும் இதைக் கண்டிருக்கிறேன். பாதசாரிக் கடவையில் ஒரு கிழவி கால் வைத்தால் பேருந்தே நிற்கும். சாக்கடை மூடியிருக்கும். பேருந்து நிலையத்துக் கழிப்பறைக்குள் மூக்கைப் பொத்தாமல் போய்வரலாம். மதுரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைச் சொல்ல வலிக்கிறது. தெருவில் நடப்பதும் சாலையைக் கடப்பதும் ஒதுங்க இடம் கிடைப்பதும் நாள் முழுக்க உடம்பு உணர்கிற விஷயங்கள். நம் ஊர் இவற்றில் தன் மக்களைக் கேவலமாக நடத்துகிறது, முதியவர்களையும் பெண்களையும் இன்னும் கேவலமாக.

சாப்பாட்டு மேசையில் பேச்சு மாறியது. இரண்டு இட்லி, ஒரு தோசை, ஒரு காப்பிக்கான பில்லை வாங்கி இலங்கை ரூபாயில் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். "2022-லை மண்ணெண்ணெய்க்கு விடிய நாலு மணிக்கே வரிசை. என்ரை பென்சன் காசு அப்பிடியே கரைஞ்சு போச்சு. இஞ்சை அரிசி சும்மா குடுக்கினமாம், உண்மையோ?" உண்மைதான். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசிக்கு விலையில்லை. அவர் சொன்ன காலத்தில் இலங்கை ரூபாய் டாலருக்கு 200-லிருந்து 360 வரை சரிந்தது. எரிபொருள் வரிசையில் நின்றபடியே இறந்தவர்களும் உண்டு. வறுமையில் வாழ்வோர் பங்கு ஒரே ஆண்டில் 13 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக ஏறியது என்று உலக வங்கி கணக்கிட்டது. அந்த மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாட்டு அரசின் அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் போயின.

மருந்து போனதுதான் எனக்குப் பெரிய செய்தி. அரசே மொத்தமாக மருந்து வாங்கி எல்லா ஆஸ்பத்திரிக்கும் கொடுக்கலாம் என்பதை 1971-ல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிறுவி உலகத்துக்குக் காட்டியவர் இலங்கைப் பேராசிரியர் சேனக பிபிலே. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது 1994-ல். வழிகாட்டிய நாட்டின் வார்டுகளில் அடிப்படை மருந்து இல்லாமல் போனதற்குக் கஜானாவைக் காலி செய்தவர்களே காரணம். மருத்துவர்களும் தாதியரும் அந்த நாட்களிலும் வேலைக்கு வந்தார்கள். எண்பது, தொண்ணூறு ஆண்டு கட்டி எழுப்பியதை ஓர் ஆட்சியால் இரண்டே ஆண்டில் ஆட்டிவிட முடியும் என்பதை, ஆயுள் கணக்கைக் காட்டி இலங்கையைப் புகழும்போது மறக்கக் கூடாது.

மாலையில் அவரைப் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். 2023 ஜூலை 15-ல் திறந்தது, 2 லட்சம் சதுர அடிக்கு மேல். உள்ளே வரக் காசு இல்லையா என்று வாசலில் ஒருமுறையும் மின்தூக்கியில் ஒருமுறையும் கேட்டார். இளம் வயதில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் படித்தவர். 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் 97,000 நூல்களோடு அது எரிந்தபோது அவர் ஆசிரியையாகிவிட்டிருந்தார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் தளத்தில் நெடுநேரம் நின்றார். பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர், முதலில் படிக்க வந்தது நீதானா என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார். இலவசக் கல்வியை 1945-லேயே பல்கலைக்கழகம் வரை கொண்டுபோன நாடு இலங்கை. அதைக் கொண்டுவந்த கன்னங்கராவின் பெயரை அங்கே இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். ஆனால் பல்கலைக்கழக இடங்கள் குறைவு. தகுதி பெற்றும் இடமில்லாமல் வெளியே நிற்பவர்களே அதிகம். தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் 47 சதவீதம் பேர் கல்லூரியில் இருக்கிறார்கள் என்கிறது 2021-22 கணக்கு. இந்திய சராசரி 28. இந்த ஒன்றில் நாம் நெஞ்சு நிமிர்த்தலாம். பள்ளியில் காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கியதும் மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்.

உசிலம்பட்டிக்குத் தனியாகப் போனேன். செக்கானூரணி தாண்டியதும் நிலம் வறண்டு விரிகிறது. 1980-களின் நடுவில் பெண் சிசுக்கொலைச் செய்தியால் இந்த ஊர்ப் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. இன்று உசிலம்பட்டிப் பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்கு நின்றால் சீருடை போட்ட பெண் பிள்ளைகளின் கூட்டம்தான் கண்ணை நிறைக்கிறது. அந்த ஊருக்கு இது சின்ன வெற்றி இல்லை. ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்: யாழ்ப்பாணத்தில் சீதனம் குறைவா என்ன? வீடும் காணியும் நகையும் கொடுத்துத்தான் அங்கே கல்யாணம். பெண் பிறந்தால் கொல்லும் வழக்கம் அங்கே இல்லை. டச்சுக்காரர் 1707-ல் தொகுத்த தேசவழமைச் சட்டப்படி சீதனம் பெண்ணின் சொத்து. அவள் பெயரிலேயே நிற்கும். நம் பக்கம் வரதட்சணை மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே மகளுக்குப் போவது இங்கே மகளால் போவதாகிறது. ஏழைத் தகப்பனின் மனத்தில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம்!

மாட்டுத்தாவணியிலிருந்து கிழக்கே போகும் சாலை எனக்கு நெருக்கமானது. உலகநேரிக் கண்மாய் இருந்த இடத்தில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை. அதைத் தாண்டினால் யானைமலை, ஒத்தக்கடை. நேரே போனால் மேலூர். பேரணையிலிருந்து வரும் பெரியாற்றுக் கால்வாய் கள்ளந்திரி வரை இருபோகத்துக்குத் தண்ணீர் தரும். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் 85,000 ஏக்கருக்கு மேல் ஒருபோகம். பென்னிகுவிக் கட்டிய அணையிலிருந்து 1895-ல் தண்ணீர் வந்தது. அதற்கு முன்பு இது மழையை அண்ணாந்து பார்த்த பூமி. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஊர் ஊராகக் காலியானது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணம் கொடுத்தான். ஜனங்கள் ராமநாதபுரக் கடற்கரைக்கு நடந்து, மன்னாருக்குப் படகேறி, வன்னிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. காப்பிக் காலத்தில் பருவத்துக்குப் போய்வந்தார்கள். காப்பியை இலைநோய் அழித்துத் தேயிலை வந்ததும், ஆண்டு முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால் குடும்பத்தோடு அங்கேயே தங்கினார்கள். 2023-ல் மலையகத் தமிழர் தங்கள் 200 ஆண்டு வரலாற்றை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்தார்கள்.

பஞ்சம் மட்டும் ஆளைத் துரத்தவில்லை, சாதியும் துரத்தியது. மேலூருக்கு வடக்கே மேலவளவு. 1997 ஜூன் 30-ல், தனித் தொகுதியான அந்த ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்வான முருகேசனையும் அவரோடு வந்த ஐந்து பேரையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். தேர்தலில் நின்று ஜெயித்ததுதான் அவர் செய்த குற்றம். அவர்களின் நினைவிடத்துக்கு முன்னால் நின்று வாழ்க்கைத் தரம் என்று பேச எனக்கு நா எழவில்லை. அக்கரையும் இதில் சுத்தமில்லை. மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் போக ஒடுக்கப்பட்ட மக்கள் 1968-ல் போராட வேண்டியிருந்தது. மதுரை மீனாட்சி கோயிலில் அந்த நுழைவு 1939-லேயே நடந்தது. கடலைக் கடந்தாலும் சாதி கூடவே போகிறது, தோட்டத்துக்கும் போனது.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பார்த்த லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு காம்பரா (அறை) 10-க்கு 12 அடி. முன்னால் இஸ்தோப்பு, பின்னால் புகையேறிக் கறுத்த குசினி. அந்தக் காம்பராவில் தாத்தா பாட்டி, மகன் மருமகள், மூன்று பிள்ளைகள். தகரக் கூரையின் மேல் கற்களை அடுக்கியிருந்தார்கள். பிள்ளைகளின் சட்டை துவைத்து மடித்திருந்தது, சுவரில் பள்ளிச் சான்றிதழ்கள். இலங்கையின் அழகான எண்களில் இந்தக் காம்பராவும் சேர்த்தியா என்று அன்று தேடத் தொடங்கினேன்.

இலங்கை முந்திய கதை எளிது. 1926-ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. மருத்துவ மாது வீடு வீடாகக் கர்ப்பிணியைத் தேடிப் போனாள். 1931-ல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது. 1934-35 மலேரியாவில் பல்லாயிரம் பேர் இறந்தபோது, ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் ஜனங்கள் ஆஸ்பத்திரி கேட்டார்கள், கிடைத்தது. கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி, நடக்கும் தூரத்தில் பள்ளி. 2016-ல் மலேரியாவே இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஓட்டு இருந்த இடமெல்லாம் ஆஸ்பத்திரி போனது. மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948 சட்டம் பறித்தது, ஓட்டும் போனது. தோட்டப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொள்ள 1970-கள் ஆயின. 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டங்களில் 32. வடக்கும் கிழக்கும் போரில் இருந்த ஆண்டுகளில் எடுத்த பெரும்பாலான மக்கள் நலக் கணக்கெடுப்புகளில் அந்த மாகாணங்களையே விட்டுவிட்டார்கள். ஒரு நாட்டின் சராசரி என்பது அந்த நாடு யாரைத் தன் ஆள் என்று எண்ணியதோ அவர்களின் சராசரிதான். இந்தப் பயணம் முழுக்க என் மனத்தை அரித்தது இந்த ஒன்றே.

1964 அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கையெழுத்திடும் முன், எங்கே வாழ விருப்பம் என்று அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. ராமேஸ்வரத்தில் வந்து இறங்கிய அவர்களுக்கு நீலகிரித் தேயிலையிலும் கொடைக்கானல் மலையிலும் மறுபடி கூலி வேலைதான் காத்திருந்தது.

ஒத்தக்கடையில் திரும்பித் திருமோகூர் வழியாகப் போனால் திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். நகரப் பேருந்தில் பாதிக்கு மேல் பெண்கள், கையில் கட்டணமில்லாச் சீட்டு. 2021 மே முதல் இப்படித்தான். அவர்களில் இங்குள்ள இலங்கை அகதி முகாமின் பெண்கள் யார், ஊர்ப் பெண்கள் யார் என்று நடத்துநர் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் குடியுரிமை கேட்காத சில இடங்களில் பேருந்தும் ஆரம்ப சுகாதார நிலையமும் முதலில் வருகின்றன.

1983-க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்த ஈழத்தமிழர் 3 லட்சத்துக்கு மேல். திரும்பிப் போனவர்கள், வேறு நாட்டுக்குப் போனவர்கள் போக, முகாம்களில் இன்றும் அரை லட்சத்துக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சபட்டி, திருவாதவூரில் முகாம்கள். 2021-ல் இவற்றுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, புது வீடு கட்ட அரசு நிதி ஒதுக்கியது. குடும்பத் தலைவருக்கு மாதப் பணக்கொடை 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைக்கு 500 என்று உயர்த்தியது. ஆண்கள் பெரும்பாலும் பெயிண்டிங் வேலை. ஒப்பந்தக்காரர் அழைத்தால் மதுரையைத் தாண்டித் திருப்பூர், கேரளம் வரை போவார்கள், முகாமில் ஆள் சரிபார்க்கும் தணிக்கை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்ற கவலையோடு.

எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாவின் வீட்டில் உட்கார்ந்தேன். தலவாக்கலைத் தோட்டத்தில் பிறந்தவர். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் அடிபட்டு வவுனியாவுக்கு ஓடி, காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். 1990-ல் அங்கிருந்தும் ஓடி, வள்ளத்தில் ராமேஸ்வரம். மண்டபம் முகாமில் சில காலம், பிறகு திருவாதவூர். ஆரம்பத்தில் இங்கே கொடுத்த வீடு 10-க்கு 10. "லயத்துல இருந்ததைவிட ரெண்டடி கொறைச்சல், தம்பி" என்று கையால் சுவரிலிருந்து அளந்து காட்டினார். இரண்டு நாடு, இரண்டு சட்டம், இரண்டு அரசு. ஒரே குடும்பத்துக்குக் கொடுத்த இடம் ஏறக்குறைய ஒரே அளவு.

தகரப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே மூத்த மகனின் கிளினிக் அட்டை. வள்ளத்தில் ஏறும்போது மாற்றுத் துணியை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டாராம், அடுத்த மாதம் பிள்ளைக்கு ஊசி இருந்தது என்பதால். நாலாக மடித்து மடிப்பில் கிழிந்த அட்டை. வவுனியா மருத்துவ மாது நீல மையில் எழுதிய தேதிகள், ஒவ்வொரு கட்டத்திலும் சின்னக் கையெழுத்து. கடைசி இரண்டு கட்டங்களில் மை கறுப்பு, எழுத்து வேறு; மண்டபத்தில் ஒரு செவிலியர் எழுதியது. ஊசி ஒன்றும் விட்டுப்போகவில்லை. எவ்வளவு தூரம் நம்பியிருக்கிறார் அந்த ஆஸ்பத்திரியை! அங்கே மேலா இங்கே மேலா என்று கேட்டேன். "அங்க பிள்ளைக்குக் காய்ச்சல்னா பயமில்ல தம்பி. நர்சம்மா வீட்டுக்கே வரும். பள்ளிக்கூடம் போன பிள்ளை வீடு திரும்புமான்னுதான் பயம். இங்க அந்தப் பயமில்ல. ராத்திரி கண்ணசந்து தூங்குறோம். ஆனா முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ஆபீசருங்க வந்தா எந்திரிச்சு நிக்கணும்."

அவர் பாட்டன் கப்பலேறிப் போனது மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து. இந்த வீட்டிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் கூட இல்லை. மலையில் பிறந்தபோது இந்த அம்மாவை இந்தியத் தமிழர் என்றார்கள். இங்கே பதிவேட்டில் இலங்கைத் தமிழர். தமிழ்நாட்டு முகாம்களில் இவரைப் போல மலையகத்திலிருந்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மூன்றும் உண்டு, இலங்கை இல்லை. அதே ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகள் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் தொழில்நுட்பக் காரணம் காட்டித் தள்ளாமல் மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் குடிமக்களே என்ற பழைய விதியைக் காட்டி வழக்காடி, 2022-ல் இதே நீதிமன்றத்தின் உத்தரவால் பாஸ்போர்ட் பெற்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர் மீது ஆவணம் இல்லாததற்காக வழக்குப் போடுவதில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்தது. சிறை இல்லை, அவ்வளவுதான். ஓட்டு இல்லை, நிலம் இல்லை, அரசு வேலை இல்லை.

அம்மாவின் பேத்தி நகரக் கல்லூரி ஒன்றில் பி.காம். முடித்தவள். ராஜாஜி ஆஸ்பத்திரியில் பிறந்தவள். 1987 ஜூலை முதல் பிறந்தவர்களுக்குக் குறைந்தது தாயோ தகப்பனோ இந்தியக் குடியுரிமை பெற்றவராக இருந்தாக வேண்டும். இவளுக்கு இருவருமே இலங்கையில் பிறந்தவர்கள். படிப்பு முடிந்ததும் ஒரு நிறுவனம் வேலைக்கு எடுக்கச் சம்மதித்து, பிறகு பாஸ்போர்ட் கேட்டுத் திருப்பி அனுப்பியது. இலங்கைக்குப் போய்விடலாமே என்று நான் கேட்டதற்கு, "அங்க யாரைத் தெரியும் எனக்கு? சிங்களம் ஒரு சொல் தெரியாது. ஆஸ்பத்திரி நல்லா இருக்கும்னு அம்மாச்சி சொல்லும். ஆஸ்பத்திரிக்காகப் போய் வாழ முடியுமா சார்?" என்றாள். பிறகு ஒரு கோப்பைக் கொண்டுவந்து விரித்தாள். அம்மாச்சியின் பாட்டன் பெயருள்ள தோட்டத்துப் பதிவுத் துண்டு ஒன்றின் நகல், 1964 ஒப்பந்தத்தின் கீழ் இந்தியக் குடியுரிமை கேட்டு அவள் கொள்ளுத்தாத்தா கண்டியில் கொடுத்த மனுவின் ரசீது, மண்டபத்துப் பதிவு அட்டை. கிராமத்தில் அந்தப் பாட்டன் பெயரில் பழைய நிலப் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று மேலூர் தாலுகா அலுவலகத்தில் கேட்டிருக்கிறாள். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலைத் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். கிடைத்தால் வரும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பாள், கிடைக்காவிட்டாலும் இருப்பதை வைத்துக் கொடுப்பாள். மனுவைத் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறாள்.